பாப்பா நீட்டிய படம்

என் பாப்பாவின் அப்பாவுக்கு,

நம் பாப்பா இன்று காலை என்னிடம் தண்ணீர் கேட்டாள்! ஐந்து வயதில் முதல் தடவையாக!

வாயால் இல்லை. பதுளை ஆஸ்பத்திரியில் கொடுத்த தண்ணீர்ப் படத்தை எடுத்து வந்து, தேயிலைக் கொழுந்து பறிக்கப் புறப்பட்ட என் கையில் வைத்து அழுத்தினாள். நான் கூடையைப் போட்டுவிட்டு லயத்து வீடுகள் எல்லாம் கேட்கக் கத்திவிட்டேன். குடித்து முடித்ததும் மறுபடி நீட்டினாள். நான்கு தம்ளர்! இன்று நான் வேலைக்கே போகவில்லை.

போன மாதம் டாக்டரம்மா தரையில் உட்கார்ந்து அவளோடு வெகுநேரம் விளையாடிப் பார்த்தார். பிறகு, "இது ஆட்டிசம். பேய் பிடிச்சதும் இல்லை, நீங்கள் வளர்த்த பிழையும் இல்லை" என்றார். அதைக் கேட்டதோடு உங்கள் அம்மா சொன்னதை மறந்துவிட்டேன். கொழும்புக்குப் போகும்போது என் வளர்ப்பைப் பற்றி நீங்கள் சொன்னதையும்தான்.

சோறு, ஊஞ்சல், அம்மா என்று படங்கள் சேர்க்கிறோம். "அப்பா படத்தையும் கொண்டு வாங்க" என்றார் பேச்சுப் பயிற்சி தரும் மிஸ். கல்யாணப் படத்தைக் காட்டினேன்; அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. இப்போதைய முகத்தோடு ஒன்று அனுப்புங்கள்.

ஆனால் அவள் அதை நீட்டினால் நீங்கள் வர வேண்டும். நீட்டினால் கிடைக்கும் என்று இன்றுதான் நம்பத் தொடங்கியிருக்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா