தையல் மிஷினும் ஒரு சான்றிதழும்

மே 3, 2024

இன்று நான் சொல்லாதது ஒன்றே ஒன்றுதான். ராசிபுரம் இ-சேவை மையத்துப் பெண், "ஊட்டுக்காரர் என்ன வேலைங்க்கா?" என்று கேட்டாள். "ரிக் வண்டி" என்றேன். அவர் வீட்டுக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது என்று சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் வெண்ணந்தூரிலிருந்து பஸ் ஏறிப் போயிருந்தேன். விண்ணப்பிக்காமலே திரும்பிவிட்டேன்.

மிஷின் உடைந்து மூன்று நாள். உள்ளே ஏதோ முறிந்த சத்தம். சக்கரம் சுற்றியது, ஊசி இறங்கவில்லை. ஜூனுக்குள் ஒரு நர்சரிப் பள்ளிக்கு நாற்பது சீருடை தர ஒப்புக்கொண்டிருக்கிறேன். துணி முழுவதும் வெட்டி அடுக்கியிருக்கிறது. தராவிட்டால் அடுத்த வருடம் அந்த வேலை வராது. எனக்கும் அத்தைக்கும் பாதி வருடச் சாப்பாடு அது.

அரசாங்கம் இலவச மிஷின் தருகிறது. ஆனால் கணவனால் கைவிடப்பட்டவள் என்று சான்றிதழ் வேண்டும்.

மே 4

எங்கள் ஊர்ப் பக்கத்தில் 'வண்டிக்குப் போயிருக்கிறார்' என்றால் யாரும் மேலே கேட்பதில்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு போகிறவர்கள் சத்தீஸ்கரிலோ ராஜஸ்தானிலோ மாதக்கணக்கில் போர்க்கிணறு போட்டுவிட்டு, அங்கே மழை பிடித்து வண்டி நின்றால்தான் ஊருக்கு வருவார்கள். என் கணவர் சிவக்குமார் 2019 மழைக்கு வந்து போனதுதான் கடைசி. அடுத்த வருடம் ஊரடங்கு என்று சொன்னோம். அப்புறம், வேறு வண்டிக்கு மாறிவிட்டார் என்றோம்.

ராய்ப்பூரில் அவருக்கு ஒரு பெண்ணும் குழந்தையும் இருக்கிறார்கள். கூட வேலை பார்த்த ஒருவர் என்னிடம் சொல்லி மூன்று வருடம் ஆகிறது. சிவக்குமார் போன் செய்வதும் அத்தோடு நின்றது. அத்தையிடம் நான் சொல்லவில்லை. ஒரே மகன். எப்படிச் சொல்வது?

மே 6

மிஷினின் தலையை மட்டும் கழற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு ராசிபுரம் போனேன். மிஷின் ரிப்பேர் கடை கரீம் பாஷா டார்ச் அடித்துப் பார்த்தார். "மேல் ஷாஃப்ட்டு ரெண்டாப் போச்சும்மா. இதுக்குப் பார்ட்ஸ் தேடிக் கண்டுபிடிக்கறதுக்குள்ள என் பேரனுக்கு மீசை முளைச்சிரும். அவனுக்கு இப்ப ரெண்டு வயசு."

புது மிஷின் விலை சொன்னார். முகம் மாறாமல் கேட்டுக்கொண்டேன். என்னிடம் அதில் பாதிகூட இல்லை.

"முழுசா எதுக்கும்மா வாங்கறே? ஸ்டாண்டு, பலகை, சக்கரம் நல்லாத்தானே இருக்கு? பழைய ஹெட்டு ஏதாவது வந்தா மாட்டித் தர்றேன். எப்ப வரும்னு மட்டும் கேக்காத."

மே 7

சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிட்டேன். அத்தையிடம் 'இலவச மிஷினுக்கு மனு' என்று மட்டும் சொன்னேன். காகிதத்தோடு முடிந்துவிடும், வீடு வரை வராது என்று நினைக்கிறேன்.

மே 9

பக்கத்து வீட்டு உண்ணாமலை அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து: "ஏனம்மிணி, மிஷின் சத்தத்தயே காணோம்? சிவா மூட்டை மூட்டையாப் பணம் அனுப்பிட்டானாட்ட இருக்குது, மகாராணி உக்காந்துட்ட!"

சிரித்தேன். அது எனக்கு நன்றாக வரும்.

மே 10

கைவிடப்பட்டவள். எத்தனை நாவல்களில் இந்தச் சொல்லைத் தாண்டிப் போயிருக்கிறேன். அவளுக்காக வருத்தப்பட்டும் இருக்கிறேன் — நிழலில் உட்கார்ந்து, பக்கத்தைத் திருப்பியபடி. விண்ணப்பத்தில் அதன் கீழே என் பெயர் இருந்தது. தனப்பிரியா, வயது 28.

மே 14

விஏஓ மாரியப்பன் விசாரணைக்கு வீட்டுக்கே வந்துவிட்டார். அலுவலகத்துக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். ஐயோ, ஏன் முன்னாடியே சொல்லாம விட்டேன்? வாசல்ல, அந்த மனுசன் வாயால, அத்தை கேக்கணுமா இதை?

அத்தை குச்சிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். வேலியோரம் உண்ணாமலை அக்கா.

"மருமக மனு போட்டிருக்குதுங்கம்மா, புருசன் கைவிட்டுட்டதா. பையன் வந்து போறாருங்களா?"

அத்தை கத்தியைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

"வரலீங்க. அஞ்சு வருசமாச்சு. அங்கயே ஒரு குடும்பம் பண்ணிக்கிட்டான். என்ற பையன் இவள உட்டுட்டுப் போயிட்டானுங்க. எழுதிக்குங்க."

பிறகு வேலிப் பக்கம் திரும்பினார். "உண்ணாமலை, அங்கயே நின்னா எப்படி? வா, நீயும் சாட்சிக்குக் கையெழுத்துப் போடு."

அக்கா வந்தார். போட்டார். போகும்போது என் தோளைத் தொட்டார்.

அவர்கள் போன பிறகு கேட்டேன், எப்போது தெரியும் என்று.

"உனக்கு முன்னாலயே தெரியும் சாமி. நீ வண்டி வண்டின்னு சொல்லிட்டிருந்தயா... புள்ளைக்கு இன்னும் தெரியலயாட்ட இருக்குது, நாம எதுக்குச் சொல்லோணும்னு இருந்துட்டேன்."

மே 15

அத்தை நேற்று உரித்த கிழங்கை வேகவைத்தார். சாப்பிட்டோம்.

மே 22

சான்றிதழ் கைக்கு வந்ததும் மிஷின் தரும் அலுவலகத்தில் போய்க் கேட்டேன். இந்த முறைக்கான பட்டியல் முடிந்துவிட்டதாம். அடுத்த பட்டியலில் பார்க்கலாமாம். அத்தனைக்கும் பிறகு, இது. வெளியே வந்து புளியமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன்.

மாலையில் கரீம் பாஷாவின் போன். ஆத்தூரில் ஒருவர் மோட்டார் மிஷினுக்கு மாறிவிட்டாராம். அவருடைய பழைய ஹெட் வந்திருக்கிறது.

மே 23

கையில் இருந்ததற்குள் முடிந்தது. என்னுடைய உடைந்த ஹெட்டை இரும்புக்கு எடுத்துக்கொண்டார். "தையல் லேசா இடப்பக்கம் இழுக்கும்மா. துணியப் பிடிச்சு ஓட்டு, பழகிரும்" என்றார்.

ஸ்டாண்டில் அப்படியே பொருந்தியது. மிதிக்குக் கீழே அதே கிறீச். ஊசி இறங்கியது.

ஜூன் 8

நாற்பதும் கொடுத்தாயிற்று. பித்தான் தைத்தது எல்லாம் அத்தை. இரண்டு சட்டையில் காலர் கோணல், பிரித்துத் தைத்தேன்.

ஆகஸ்ட் 3

ஆடிப் பதினெட்டு. மதியம் சிவக்குமார் போன் செய்தார், மூன்று வருடத்துக்குப் பிறகு. அத்தைதான் எடுத்தார். சான்றிதழ் விஷயம் யார் மூலமோ அவர் காதுக்குப் போயிருக்கிறது. ஊரில் தலைகாட்ட முடியாதபடி செய்தது யார் என்று சத்தம் போட்டார், எனக்கே கேட்டது. அத்தை முழுவதையும் கேட்டுவிட்டு, "நாந்தாண்டா சொன்னேன்" என்றார். போனை வைத்தார். கொக்கி கட்ட வேண்டிய ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

சான்றிதழ் ரேஷன் கார்டோடு இருக்கிறது. இலவச மிஷின் இன்னும் வரவில்லை.