கோர்க்காமல் விட்ட ஒரு சாண்

பிப்ரவரி 12, வியாழன்

காலையில் மூடுபனி. எட்டு மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று. அண்ணன் காலேஜ் பஸ்ஸை எடுக்கும்போது என்னையும் ஏற்றிக்கொண்டு வந்து, நெசவாளர் ஏகாம்பரம் வீட்டுத் தெருமுனையில் இறக்கிவிட்டான். ஊருக்குத் திரும்ப இன்னும் ஒரு வாரம். ஊர் என்றால் ரோட்டர்டாம். அங்கே இருக்கும்போது ஊர் என்றால் ஏனாத்தூர். பதினேழு வருஷமாக இப்படித்தான், யாரும் செத்துப்போகவில்லை.

கண்காட்சிக்கு நான் நெய்யச் சொன்ன துணி பாதி வந்துவிட்டது. அரக்கு உடல், பச்சைக் கரை. இந்தக் காஞ்சிபுரத்துப் பட்டில் உடல் இழையையும் கரை இழையையும் நாடா என்கிற ஓடக்கட்டையின் ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒன்றோடொன்று மாட்டி நெய்வார்கள். கோர்வை. புடவையே கிழிந்தாலும் கரை பிரியாது என்று பெருமை. எனக்கு ஒரே ஒரு சாண் மட்டும் கோர்வை கூடாது. உடல் தனி, கரை தனி, நடுவில் கை நுழைகிற இடைவெளி. என் படத்தில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறேன்.

ஏகாம்பரம்: "கோர்வை போடாம வுட்டா அது கிழிசல்மா."

நான்: "கிழிசல்தாண்ணா வேணும்."

அந்தப் பக்கம் கரை நாடா தள்ளும் அவர் மனைவி சாந்திக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அங்கே என்னைக் கேட்பது: எந்த நாடு? இல்லை, நிஜமாகவே எந்த நாடு?
இங்கே கேட்பது: எப்ப வந்தீங்க? எப்ப போறீங்க? ஏனாத்தூர்ல எந்தப் பக்கம்?

கடைசிக் கேள்விக்கு "காலேஜ் பக்கம்" என்றேன். பொய். எங்கள் வீடு காலனியில். நாற்பத்து நாலு வயதில் இன்னும் இந்தப் பொய். என் மேலேயே எரிச்சல்.

பிப்ரவரி 13, வெள்ளி

மார்லூஸிடமிருந்து மெயில். கண்காட்சி நடத்துகிறவள். சுவரில் ஒட்டப்போகும் குறிப்பு: "தலைமுறை தலைமுறையாகப் பட்டு நெய்த குடும்பத்தின் மகள்."

யார் சொன்னது? காஞ்சிபுரம் என்றதும் அவளே முடிவு கட்டிவிட்டாள். அப்பா கல் உடைத்தார், பிறகு லாரி கிளீனர். அம்மா கூரம் வரைக்கும் நடவுக்குப் போனாள். எங்கள் வீட்டுக்குள் பட்டு நுழைந்ததே அண்ணன் கல்யாணத்தில்தான். அதுவும் பாதி பாலியெஸ்டர். நான் தறி கற்றது ரோட்டர்டாமில், மழைக்கு ஒதுங்கிய ஒரு மாலை வகுப்பில்.

திருத்தி அனுப்பினேன். பத்தே நிமிஷத்தில் பதில். அந்த அறைக்குப் பெயரே 'பரம்பரைக் கைகள்', குறிப்பை மாற்றினால் உன் துணிக்கு இடம் இருக்குமா தெரியவில்லை. வருத்தத்துடன், அன்புடன்.

அண்ணன் இட்லியைப் பிட்டுக்கொண்டே: "அவுங்க கேக்குறத எழுதிக் குடுத்துட்டுப் போவியா, இன்னாத்துக்கு வம்பு?"

வம்புதான். அந்த வம்பு எனக்கு வேண்டும்.

பிப்ரவரி 14, சனி

போய்ப் பார்த்தால் அந்த ஒரு சாணும் அழகாகக் கோர்த்திருக்கிறது. ஊசி நுழைய இடமில்லை.

"கை தானா கோத்துடுச்சிமா. நாப்பது வருஷத்துக் கை, சொன்னா கேக்க மாட்டேங்குது." உண்மையிலேயே வெட்கப்பட்டார் மனிதர். ஒவ்வொரு இழையாகப் பிரித்தார்கள். மூன்று மணி நேரம். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் விரல்களை வரைந்தேன். ஏழு படம், ஒன்றுதான் தேறும்.

வாங்க வேண்டியவை: பருப்புப் பொடி, விளக்கெண்ணெய், கறுப்பு மை, அண்ணிக்குச் செருப்பு.

பிப்ரவரி 16, திங்கள்

நேற்று சிவராத்திரிக் கூட்டம், ஆட்டோ கிடைக்கவில்லை, போகவில்லை. போகாதது தப்பு.

நேற்றே இடைவெளியைச் சரியாக நெய்துவிட்டார்களாம். ராத்திரி பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்திருக்கிறார். சாந்திக்கு மானம் போய்விட்டது. ஊசியும் அதே அரக்குப் பட்டு நூலும் எடுத்து மொத்தத்தையும் தைத்துவிட்டாள்.

"எங்க தறியில கிழிசல்னு தெருவுல சொல்லிக்கினு திரிவாங்கமா. உங்களுக்கு இன்னா, பிளேன் ஏறிப் பூடுவீங்க."

திட்ட வாய் வரவில்லை. தையலைப் பிரித்தால் பட்டில் ஓட்டை ஓட்டையாக நிற்கிறது. அதை விட்டுவிட்டு, துணியில் அடுத்தாற்போல் புதிதாக ஒரு சாண் போட வேண்டும். நானே நெய்கிறேன் என்றேன்.

ஏகாம்பரத்துக்கு உற்சாகம். "தாராளமா உக்காருங்க மேடம். போன வருஷம் ஒரு வெள்ளைக்கார அம்மா உக்காந்து போட்டா புடிச்சிக்கினு போச்சி. ஆனா நாளைக்கி அமாவாசை. தறியத் தொட மாட்டோம். புதன்கிழமை வாங்க."

புதன் ராத்திரி எனக்கு விமான நிலையம். சரி.

பிப்ரவரி 17, செவ்வாய். அமாவாசை

தெருவே ஊமை. ஒரு தறிச் சத்தம் இல்லை. வேலை இல்லாத நாளில் போனது பேசத்தான். மார்லூஸிடம் உண்மையை எழுது என்று சண்டை போட்டுக்கொண்டு, இந்த வீட்டில் நானே பொய் சொன்னால் எப்படி?

"அண்ணா, அன்னைக்கு காலேஜ் பக்கம்னு சொன்னேன். இல்ல. எங்க வீடு காலனி."

ஏகாம்பரம் நெற்றி நிறைய விபூதி. தறியைப் பார்த்துக்கொண்டே: "வெளியாளு உக்கார்றது வழக்கம் இல்லமா. நானே கவனமா போட்டுத் தரேன்."

"வெள்ளைக்கார அம்மா உள்ளாளாண்ணா?"

வெளியே வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டு வரை நடை. அழவில்லை. கோபம், கோபம், கோபம். நேற்று மேடம், இன்றைக்கு வெளியாள்.

அண்ணன்: "தெரிஞ்சதுதானே." அவனுக்குத் தெரிந்தது. எனக்கும் தெரிந்தது. அதனால் என்ன, பழகிவிட வேண்டுமா?

பிப்ரவரி 18, புதன்

ஏழு மணிக்கே போனேன். ஏகாம்பரம் தறியில். நிமிரவில்லை.

"எழுந்துருங்கண்ணா. நான் உக்காரணும்."

"சொன்னேனேமா."

"திங்கக்கிழமை உக்காரச் சொன்னதும் நீங்கதானே? விடலன்னா துணிய இப்பிடியே அறுத்துக் குடுங்க. அந்த ஒரு சாண் ஏன் இல்லன்னு எழுதி செவுத்துல மாட்டுறேன்."

சாந்தி நாடாவைக் கீழே வைத்தாள். "எழுந்து போய்யா. நேத்துலேர்ந்து உனக்குச் சோறு எறங்கல. அந்தப் பொண்ணு உக்காந்தா தறி இன்னா தீப்புடிச்சிக்குமா?"

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

தறிக்குழிக்குள் இறக்கிய கால் ஜில்லென்றது. மிதிக்கட்டை எட்டவில்லை, நுனியில் உட்கார்ந்தேன். முதல் பத்து ஓட்டம் கேவலம். சாந்தியின் கை ஒவ்வொரு தடவையும் கோர்க்க வந்து வந்து பின்வாங்கியது. "வுடுறதுக்குக் கை வர மாட்டேங்குதுமா." "வுடுங்கக்கா." பதினோரு மணிக்கு ஒரு சாண். ஓரம் கோணல்தான். பரவாயில்லை, என் கோணல்.

அவர் வரும்வரை மார்லூஸுக்கு மெயில்: "நெய்தவர்கள் ஏகாம்பரம், சாந்தி. ஒரு சாண் மட்டும் நான். என் வீட்டில் எனக்கு முன் யாரும் தறியில் உட்கார்ந்ததில்லை, யாரும் உட்காரச் சொன்னதுமில்லை. இதில் ஒரு சொல் மாறினாலும் துணி வராது." பதில் இல்லை. வராவிட்டால் என் ஸ்டூடியோ வாசலில் மாட்டுகிறேன், மழையில் நனையட்டும்.

மத்தியானம் வந்தார். இடைவெளியைப் பார்த்தார். அறுத்தார். மடித்தார். என் கையில் தராமல் பாய்மேல் வைத்தார்.

நான் எடுக்கவில்லை. சாந்தி குனிந்தாள், வேண்டாம் என்றேன். மூன்று பேரும் நின்றோம். வாசலில் ஆட்டோக்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். நான் கையை நீட்டியபடியே நின்றேன். தோள் வலித்தது.

அவரே குனிந்து எடுத்தார். கையில் வாங்கிக்கொண்டேன்.