ஆட்சேபணைக்கு மூன்று வாரம்

4 பிப்ரவரி 2006

அன்புள்ள நோசுக்கோவுக்கு,

உன் அம்மாவின் கால் வீக்கம் வடிந்ததா? எதிர்வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. உன் முற்றத்தில் கால் வைக்க என்னால் இன்னும் முடியவில்லை. என் புருஷன் மோண்டேயை அங்கேதானே பாட்டிலால் மண்டையில் அடித்துக் கொன்றார்கள். முற்றம் நிறைய ஆட்கள் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் பார்க்கவில்லையாம்.

இத்தனை நாள் உரிமமில்லாமல் நடத்திய அந்த முற்றத்துக் கடைக்கு இப்போது மது உரிமம் கேட்டிருக்கிறாய் என்பது பக்கத்துத் தெருக்காரர்கள் சொல்லித்தான் தெரியும். அறிவிப்பைத் தெருவுக்குத் தெரிகிற மாதிரி மூன்று வாரம் ஒட்டிவைக்க வேண்டும். அதற்குள் யாரும் ஆட்சேபணை சொல்லலாம். நீயோ பீர்ப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறாய். மது வாரியத்துக்கு எழுதிவிட்டேன். மறுபடி ஒட்டச் சொல்வார்கள், மூன்று வாரம் முதலிலிருந்து ஓடும். பிறகு என் ஆட்சேபணையையும் அனுப்புவேன். உன்னிடம் சொல்லாமல் செய்ய மனம் வரவில்லை.

உன் புலேல்வா

12 பிப்ரவரி

பிரியமான புலேல்வா,

அம்மா தேவலை. உன்னைத்தான் கேட்கிறாள்.

வாரியத்து ஆள் வந்து வாசல் கேட்டில் புது அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போனான். சந்தோஷமா? உரிமம் வந்தால் நேரத்துக்குக் கடை மூடுவேன், காவலாள் போடுவேன். வராவிட்டால் விற்க மாட்டேன் என்றா நினைக்கிறாய்? புருஷன் விட்டுப்போனவள் வேறு எதை விற்பேன்?

நேற்று கடையில் ஒருவன் சத்தமாகவே சொன்னான்: “அந்த விதவைக்கு வாய் நீண்டுபோச்சு. வீட்டோட கொளுத்திட்டா அப்புறம் எப்படிக் கடுதாசி எழுதுவா?” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆட்சேபணையை விட்டுவிடு. கதவை நன்றாகத் தாழிட்டுக்கொள்.

நோசுக்கோ

23 பிப்ரவரி

நோசுக்கோ,

கதவைத் தாழிட்டுத்தான் இருந்தேன். கோடரியால் பிளந்தார்கள். மூன்று பேர், முகத்தில் துணி. தலைமயிரைப் பிடித்துத் தரையோடு இழுத்துப் போனார்கள். ஒருவன் என் மார்பில் முழங்காலை ஊன்றிக்கொண்டு கேட்டான்: “அக்கா, எந்தக் கையால எழுதின? நல்லபடியா காட்டிடு.” இடது கையை நீட்டினேன். இரண்டு விரல் போய்விட்டது. முழங்கை வரை தையல்.

எப்போதும்போல இதையும் வலது கையால்தான் எழுதுகிறேன். ஆட்சேபணையையும் அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன்.

என்னை அக்கா என்று கூப்பிட்ட குரல் உன் தம்பி லுவுயோவின் குரல். அன்று ராத்திரி அவன் எங்கே இருந்தான்? அதை மட்டும் சொல்.

புலேல்வா

25 பிப்ரவரி

புலேல்வா,

வீட்டில் தூங்கினான். யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். எனக்கு இருப்பது ஒரே தம்பி.

நோ.

19 மார்ச்

நோசுக்கோ,

ஆஸ்பத்திரியில் உன் தாடையைக் கம்பியால் கட்டியிருக்கிறார்களாம். அதனால் பதில் எதிர்பார்க்கவில்லை.

வாரியத்து விசாரணையில் நான் கட்டை அவிழ்த்துக் கையை மேசைமேல் வைத்து லுவுயோவின் பெயரைச் சொன்னபோது நீ என்னைப் பார்க்கவேயில்லை. வாரியத் தலைவர் உன்னிடம், “உங்க தம்பி அன்னிக்கு வீட்டுலதான் இருந்தாராம்மா?” என்று கேட்டார். அப்போதுதான் நீ என் கையைப் பார்த்தாய். “இல்லீங்க. ரத்தச் சட்டையோட வந்தான். மோண்டேயை அடிச்சவனும் இவன்தான். நான் பார்த்தேன்.”

“நீ எங்கூடப் பொறந்தவளாடி?” என்று கத்திக்கொண்டே உன் பக்கத்தில் இருந்த லுவுயோ இரும்பு நாற்காலியைத் தூக்கி அடித்தான். எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டாவது அடி விழுவதற்குள் உன்மேல் விழுந்து படுத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. போலீஸ் அவனைக் கொண்டுபோய்விட்டது. உனக்கு உரிமம் கிடையாது என்று தீர்ப்பு. அன்று மாலையே உன் குடிகாரர்கள் கடையை உடைத்து, இருந்ததையெல்லாம் தூக்கிப் போய்விட்டார்கள். உன் அம்மா என் வீட்டில் இருக்கிறாள். நீ எழுந்து நடக்கத் தொடங்கியதும் வந்து கூட்டிப் போ.

நீ உண்மையைச் சொன்னாய். ஆனால் மோண்டேயைப் புதைத்த அன்று என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாயே, அப்போதும் அது உனக்குத் தெரிந்துதான் இருந்தது. அதைத் தாண்டி என்னால் வர முடியவில்லை.

பூசணிக் கஞ்சி அனுப்பியிருக்கிறேன். குழாய் வழியாக இறங்கும் அளவுக்கு மசித்திருக்கிறேன். சூட்டோடு குடி. கிண்ணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

புலேல்வா