சாக்பீஸில் திருத்திய நாவல்

ஆவடி
3.2.2024

அன்புள்ள எவா அக்காவுக்கு,

திருப்பூர் தண்ணீர் இப்போதாவது ஒத்துக்கொள்கிறதா? நீங்கள் செல்போனே வேண்டாமென்று விட்டுவிட்டுப் போனதால் எனக்குக் கடிதம் எழுதும் பழக்கம் வந்தது. அது வளர்ந்து நாவலாகிவிட்டது. விளையாட்டில்லை. பதினான்கு மாதம், சாப்பாட்டு நேரத்தில், துணிக்கட்டோடு வரும் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதினேன். இரண்டு பதிப்பகங்கள் பதிலே போடவில்லை. மூன்றாவது இடத்தில் ஷர்மிளா என்ற எடிட்டர் படித்துவிட்டு, புத்தகமாகப் போடலாம் என்று சொல்லிவிட்டார். நல்ல நாவல் அக்கா, நானே சொல்கிறேன்.

கதை உங்களுடையது. நம் தையல் கம்பெனியில் சாக்பீஸை மேஜையில் வைத்துவிட்டு, சாப்பாட்டு டப்பாவோடு நீங்கள் ஸ்டேஷனுக்கு நடந்தீர்களே, அந்த மத்தியானத்தில் தொடங்குகிறது. பெயர் மட்டும் ரேணுகா. டைப் அடித்த பிரதியை அனுப்புகிறேன். என் சட்டைகளைப் பார்த்த மாதிரியே பாருங்கள். தப்புள்ள இடத்தில் பெருக்கல் குறி போடுங்கள். சரியென்று பார்த்து உங்கள் செக்கர் நம்பர் 17 போட்டால்தான் வெளியே போகும்.

அன்புடன்,
அனுசுயா

திருப்பூர்
20.2.2024

கர்த்தருக்குள் பிரியமான அனு,

பிரதியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். இங்கேயும் அதே செக்கர் வேலைதான், சட்டைக்குப் பதில் பனியன். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை, உனக்கே தெரியும். சொல்லவேண்டியது பக்கங்களிலேயே இருக்கிறது. பார்த்துச் செய்.

எவாஞ்சலின்

ஆவடி
2.3.2024

அன்புள்ள அக்கா,

முந்நூறு பக்கத்தில் ஒரு குறிகூட இல்லை. உங்களிடம் இப்படி நான் தப்பித்ததே கிடையாது. அன்றைக்கே ஷர்மிளாவிடம் கொடுத்துவிட்டேன். ஏப்ரலில் அச்சுக்குப் போகிறது. ரேணுகா புருஷனிடம் திரும்பிவரும் கடைசி அத்தியாயம்தான் அவருக்கு ரொம்பப் பிடித்ததாம்.

போன வாரம் உங்கள் வீட்டுக்காரர் மார்க்கெட்டில் என்னை மறித்தார். "இன்னாம்மா, அவ எங்க கீறா? இனிமே கை நீட்டமாட்டேன்னு சொல்லு. ஊட்டுக்கு வரச் சொல்லு" என்றார். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

அனு

திருப்பூர்
9.3.2024

அனு,

கடைசி அத்தியாயம் முழுக்கப் பெருக்கல் குறி போட்டு அனுப்பினேன். என் குறியை மீறிச் சட்டையை அனுப்பிய டெய்லர் இதுவரை கிடையாது. இரண்டு தடவை நெற்றியில் தையலோடு வேலைக்கு வந்தேன். பக்கத்து மேஜையிலிருந்து பார்த்தவள் நீ. நீயே என்னை அந்த வாசலுக்குத் திருப்பி அனுப்பினால் நான் யாரிடம் போய்ச் சொல்வது?

அந்தப் புத்தகம் அப்படியே வந்தால் எனக்குக் கடிதம் எழுதவேண்டாம்.

எவாஞ்சலின்

ஆவடி
18.3.2024

அன்புள்ள அக்கா,

நீங்கள் அனுப்பிய கவரைத் தேடி எடுத்து உதறினேன். மடியில் வெள்ளைத் தூள் கொட்டியது. சாக்பீஸில் போட்டிருக்கிறீர்கள். பதினோரு வருடம் துணியில் நின்றது, காகிதத்தில் நிற்கவில்லை. உங்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ஆனால் குறி வந்திருந்தால்தான் எனக்குத் தெரிந்திருக்கும் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். ரேணுகாவைத் திருப்பி அனுப்பியது அவள் புருஷனுக்காக இல்லை. அந்தப் பக்கத்து மேஜைக்கு நீங்கள் திரும்பி வரவேண்டும் என்று எனக்கு ஆசை. அதை நாவலில் தீர்த்துக்கொண்டேன். அது தப்பு.

ஷர்மிளாவிடம் போய், முடிவை மாற்றவேண்டும் என்றேன். இந்த முடிவுதான் வாசகர்களுக்குப் பிடிக்கும் என்றார். அப்படியானால் பிரதியைக் கொடுத்துவிடுங்கள், நான்காவது இடம் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பத்து நாள் கொடுத்தார். ஆறே நாளில் எழுதிவிட்டேன். இந்த அத்தியாயம் முந்தையதைவிட நன்றாக இருக்கிறது. இதோடு வைத்திருக்கிறேன். நீங்கள் சரி என்று சொல்லாமல் அச்சுக்குப் போகாது.

அனு

திருப்பூர்
25.3.2024

கர்த்தருக்குள் பிரியமான அனு,

இரண்டு தடவை படித்தேன். ரேணுகா வேறு ஊரில் தனியாக உட்கார்ந்து டப்பாவைத் திறக்கும் இடத்தில் அழுதுவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் பயந்துபோனாள்.

ஒரே ஒரு குறி. இங்கே வேலை விடுவது எட்டு மணிக்கு, ஆறு மணிக்கு இல்லை. அதை மட்டும் பிரித்துத் தை.

பக்கத்து மேஜைக்கு நான் வரமாட்டேன் அனு. புத்தகத்தை நீ கொண்டுவா. ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு.

இந்தத் தடவை பேனாவில் போட்டிருக்கிறேன்.

17