ரசீது இல்லாத கட்டு

மார்ச் 4

இன்று ரத்த அழுத்தம் 160க்கு 100.

தினமும் குறித்து வைக்கச் சொன்னார் டாக்டர். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, எண் மட்டும் தெரியும். அதனால் மருமகள் இந்தப் போனில் ஓர் ஏற்பாடு செய்து கொடுத்தாள். நான் பேசினால் அது எழுதிக்கொள்கிறது, கேட்டால் திருப்பி வாசிக்கிறது. “எண்ணை மட்டும் சொல்லுங்க மாமா, போதும்” என்றாள். எண் ஏன் ஏறியது என்று யார் சொல்வது?

ஏற்றியவன் என் மகன்.

மருமகள் ஐந்து வருடமாகத் தபாலில் பட்டப்படிப்பு படிக்கிறாள். பரீட்சை எல்லாம் தேறியாகிவிட்டது. இன்று வந்த மார்க் பட்டியலில் ஒரு பாடத்தின் அசைன்மென்ட்டுக்கு, அதாவது வீட்டிலிருந்து எழுதிக் கொடுக்கிற கட்டுரைக்கு, மார்க்கே இல்லை. “வரவில்லை” என்று போட்டிருக்கிறதாம். போன வருடம் அதைப் படிப்பு மையத்தில் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்.

“அப்பா மறந்து பஸ்ஸுலயே விட்டுட்டு இறங்கியிருப்பார்” என்றான் மகன். ஏசி ரிப்பேர் செய்கிறவன், ஸ்குரூடிரைவரைத் தினமும் எங்கேயாவது விட்டுவிட்டு வருகிறவன், என்னைச் சொல்கிறான்.

மறதியா? எனக்கா? பதினான்கு மாடிக் கட்டடத்தில் முப்பத்தோரு வருடம் லிஃப்ட் ஓட்டினேன். ஒரு முகத்திடமும் “எத்தனாவது மாடி?” என்று இரண்டாம் தடவை கேட்டதில்லை. அன்று ஜூன் 27, வியாழக்கிழமை. பதினொன்று பத்து. மூன்றாம் ஜன்னல். உள்ளே இருந்த அம்மாவின் மூக்குக்கண்ணாடியில் ஒரு காலுக்கு வெள்ளை டேப். தலைக்கு மேலே ஃபேன், அதில் ஓர் இறக்கை வளைந்திருந்தது. உறையின் மேல் மருமகளின் பதிவு எண், கடைசி நான்கு 4076. அந்தக் காகிதக் கட்டை வாங்கி இடது கைப் பக்கம் வைத்தாள்.

கொடுத்தேன். கொடுத்தேன். கொடுத்தேன்.

மார்ச் 5

162க்கு 100.

“ரசீது ஏதாவது கொடுத்தாங்களா மாமா?” என்று மருமகள் மெதுவாகக் கேட்டாள்.

“அந்த அம்மா கொடுக்கலை” என்றேன்.

இன்றைக்கு இவ்வளவுதான்.

மார்ச் 7

படிப்பு மையத்துக்குப் போனேன். அதே மூன்றாம் ஜன்னல், அதே அம்மா. கண்ணாடி மட்டும் புதுசு.

“ரசீதைக் காட்டுங்க, தேடிப் பார்க்கறேன்.”

ரசீது இல்லை என்றேன். நாளைச் சொன்னேன், நேரத்தைச் சொன்னேன், ஃபேனைக் காட்டினேன். இறக்கையை இன்னும் நிமிர்த்தவில்லை.

“பெரியவரே, ஃபேன் இறக்கை வரைக்கும் பார்த்திருக்கீங்க, ரசீதைப் பார்க்கலையா?” வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது இரண்டும் கொதித்தது.

பதிவேட்டைப் புரட்டிவிட்டுச் சொன்னாள்: “அன்னிக்கு இந்த நம்பர் இல்லை. பதிவேட்டுல ஏறாத கட்டு எங்கே போச்சுன்னு நாங்க எப்படிச் சொல்றது? இந்த வருஷக் கேள்விக்குப் புதுசா எழுதிக் கொடுங்க. முப்பதாம் தேதி கடைசி. உங்க மருமகளுக்கு ஆறாவது வருஷம் இது. அதுக்கு மேல பதிவே செல்லாது. தேறினது எல்லாம் போயிடும்.”

எல்லாம்! ஐந்து வருடம் அவள் துணி தேய்த்துக்கொண்டே படித்தது, பஸ்ஸில் தொங்கிக்கொண்டே படித்தது, எல்லாம்.

வழி நெடுக வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டான்.

ஒரு விஷயம் இருக்கிறது. அதை இந்தப் போனிடம்கூடச் சொல்வதாக இல்லை.

மார்ச் 8

165க்கு 100.

மருமகள் வேலை பார்ப்பது ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். குப்பிகளை வாங்கிச் சீட்டு ஒட்டுகிற மேசை. அந்தப் பிரிவுக்குத் தலைமையாக இருக்கும் அம்மா ஆகஸ்டில் ஓய்வு பெறுகிறாள். அந்த நாற்காலிக்குப் பட்டம் வேண்டும். இவள் வேலை சொல்லிக் கொடுத்த இரண்டு பேர் பட்டத்தைக் காட்டி மேலே போய்விட்டார்கள். இப்போது இவளையே “ஏம்மா, அந்த டப்பாவை எடு” என்கிறார்கள். அதை அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

மார்ச் 11

போன வருடம் எழுதினதற்கு நகல் எடுத்து வைக்கவில்லையாம். “அவசரத்துல விட்டுட்டேன் மாமா.”

நகல் எதற்கு, நான் இருக்கும்போது? எழுதி முடித்ததை எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டியிருக்கிறாள். “எழுதிக்கோ” என்று ஆரம்பித்து, சந்தையில் கூடும் ஜனங்களைப் பற்றின அந்தக் கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நிற்காமல் சொன்னேன். கையைக் கட்டிக்கொண்டு முழுவதும் கேட்டாள்.

“ஒரு வார்த்தை பிசகலை மாமா. ஆனா அது போன வருஷக் கேள்வி. இந்த வருஷம் கேக்கறது வேற.”

எதற்கு மாற்றுகிறார்கள்? ஒழுங்காக இருக்கிற கேள்வியை வருடா வருடம் மாற்றுவதற்கு ஒரு ஆபீஸ், அதற்கு ஒரு ஃபேன்!

மார்ச் 14

மகன் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தான். ஜெராக்ஸ் கடையில் தயார் விடை விற்கிறார்களாம். “அப்படியே பார்த்து எழுது. பேரையும் நம்பரையும் மாத்தினாப் போதும்னு கடைக்காரனே சொன்னான்.”

மருமகள் முதல் பத்தியை வாசித்தாள். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. அது பாடப் புத்தகத்தின் நான்காம் பாடம், எழுத்து மாறாமல். போன மழைக்காலத்தில் வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

“அது மட்டுமில்ல, கேள்வியும் பழசு” என்றாள் மருமகள். “ஊர்ல பாதிப்பேர் இதையேதான் எழுதிக் கொடுப்பாங்க. திருத்தறவங்களுக்குக் கண்ணு இல்லையா?”

நன்றாகக் கேட்டாள்! மகனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

“போன வருஷம் ஒழுங்காக் கொண்டு சேர்த்திருந்தா இந்தப் பாடே இல்லையே.”

என்னைப் பார்த்துத்தான் சொன்னான். தம்ளரை வீசிவிட்டேன். அவன்மேல் இல்லை, சுவரில். தம்ளர் நசுங்கிவிட்டது. மருமகள் எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் தரையைத் துடைத்தாள். நாங்கள் இரண்டு பேரும் திட்டு வாங்கியிருந்தால் தேவலை.

மார்ச் 16

172க்கு 104. மாத்திரை போடவில்லை. போடப் போவதும் இல்லை.

மார்ச் 18

சரி, சொல்லித் தொலைக்கிறேன்.

அந்த அம்மா ரசீது கொடுக்கவில்லை என்றது பொய். கொடுக்க வந்தாள். பதிவேட்டை என் பக்கம் தள்ளி, “இங்கே கையெழுத்துப் போடுங்க, ரசீது தர்றேன்” என்றாள். மைப்பெட்டி பக்கத்திலேயே இருந்தது. கைநாட்டு வைக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. எனக்குப் பின்னால் கல்லூரிப் பிள்ளைகள் மாதிரி இரண்டு பெண்கள். அதற்குப் பின்னால் ஒருத்தன், நான் லிஃப்டில் தினமும் ஒன்பதாம் மாடிக்கு ஏற்றிவிட்ட ஆள். “அட, நீங்களா! நல்லா இருக்கீங்களா?” என்று அப்போதுதான் கேட்டிருந்தான்.

முப்பத்தோரு வருடத்தில் எனக்கு எழுத்து தெரியாது என்று அந்தக் கட்டடத்தில் ஒருவனுக்கும் தெரியாது. லிஃப்டில் எல்லாம் எண்தானே. மாதம் ஒரு தரம் மேனேஜர் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, விரலை உருட்டினேன். அவருக்கு மட்டும்தான் தெரியும்.

“பேனா எடுத்துட்டு வர்றேம்மா”ன்னேன். ஜன்னல்லயே பேனா இருந்துச்சு, நூல் கட்டித் தொங்கிச்சு. அதைப் பார்த்துக்கிட்டேதான் சொன்னேன். அப்படியே வெளிய வந்து பஸ் ஏறிட்டேன். கட்டு அங்க, நான் இங்க. ஏன்டா கிழவா, எதுக்குடா அந்த வீறாப்பு? யாருடைய வருஷம்டா அது?

இதை வாசித்துக் காட்டாதே. கேட்க முடியாது.

மார்ச் 19

அவள் வேலைக்குக் கிளம்பி, செருப்பு மாட்டும்போது சொன்னேன். நிமிராமல் கேட்டாள். வாரை மாட்டிய கை அப்படியே நின்றது.

“கைநாட்டு வைக்க வெக்கப்பட்டு, என் வருஷத்தை வெச்சுட்டு வந்தீங்களா மாமா?”

அவளுடைய டிபன் டப்பாவை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை.

“இந்த ரெண்டு வாரமா அந்த அம்மாவைத் திட்டினீங்க. இவரைத் திட்டினீங்க. பஸ்ஸுல யாரையோ திட்டினீங்க.” அவ்வளவுதான் சொன்னாள். கதவைக்கூடச் சத்தமாகச் சாத்தவில்லை.

மார்ச் 22

என்னோடு பேச்சு இல்லை. எனக்குக் கேட்கும்படி வாசிப்பதும் இல்லை. எழுதுகிறாள், கிழிக்கிறாள், எழுதுகிறாள்.

மார்ச் 24

மகன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் சொல்லியிருப்பாள்.

“கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டா என்னப்பா? ரெண்டு நாள்ல வந்துடும்.”

“ரெண்டு நாள்ல படம் வரையக் கத்துக்கிட்டு அதைக் கையெழுத்துன்னு ஊரை ஏய்க்கவா? போதும், ஏய்ச்சது” என்றேன். எழுந்து போய்விட்டான். போகும்போது நசுங்கின தம்ளரை எடுத்துப் போய்ச் சுத்தியலால் தட்டிக் கொடுத்தான். இன்னும் ஆடுகிறது. ஆனால் தண்ணீர் நிற்கிறது.

மார்ச் 27

காலையில் ஓர் உறையை என் முன்னால் வைத்தாள். எட்டு நாளில் முதல் பேச்சு.

“ஒவ்வொரு பக்கத்துலயும் பதிவு எண் போட்டிருக்கேன், நீங்களே சரி பாருங்க. நகல் அலமாரியில இருக்கு.”

எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பது பக்கம், பத்தொன்பது 4076.

“உம் புருஷன் போகட்டும்மா” என்றேன்.

“நீங்கதான் போகணும். ரசீது இல்லாம வீட்டுக்கு வராதீங்க.”

வரிசை வாசல் வரைக்கும் இருந்தது. எனக்கு முன்னால் நின்றவனைத் திருப்பி அனுப்பினார்கள், இரண்டு பாடத்தை ஒரே கட்டாகத் தைத்திருந்தானாம். அவனுக்கு முன்னால் ஒரு பெண், போன வருடக் கேள்வி. அழுதுகொண்டே போனாள். எனக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

என் முறை வந்தது. பதிவேட்டைத் தள்ளினாள். “கையெழுத்து.”

“எனக்கு எழுதத் தெரியாது. கைநாட்டுதான்.” லிஃப்டில் மாடி எண்ணைச் சொல்கிற குரலில் சொன்னேன். பின்னால் பேச்சு நின்றது. நிற்கட்டும்.

மைப்பெட்டி காய்ந்து கிடந்தது! அலட்சியத்தைப் பாருங்கள். அந்த அம்மா எழுந்து, மை பாட்டில் தேடி, நான்கு சொட்டு விட்டு, என் விரலைப் பிடித்து உருட்டினாள். “இதுக்குத்தானா ஃபேன் கதை எல்லாம்?” என்று என் காதுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

ரசீது எண் 2318. சட்டைப் பையில் வைத்து, பஸ்ஸில் ஆறு தரம் தொட்டுப் பார்த்தேன்.

வீட்டில் அதை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். “சாப்பிடுங்க மாமா” என்றாள்.

154க்கு 96.

ஜூலை 9

மார்க் பட்டியல் வந்தது. மகன் வாசிக்க வாயெடுத்தான். அவள் அவனைத் தடுத்து, காகிதத்தை என் கையில் கொடுத்து, அந்தக் கட்டத்தில் விரலை வைத்தாள். முன்பு அந்த இடத்தில் எழுத்து இருந்தது. இப்போது எண்.

“அறுபத்தெட்டு” என்றேன்.

பத்தொன்பது பக்கத்துக்கு எழுபதாகப் போட்டால் குறைந்தா போய்விடுவார்கள், பாவிகள்.