தொண்ணூற்றொரு ஒன்றுகள்

வியாழன் இரவு

காலையில் பாலை அடுப்பில் வைக்கும் முன்பே, தொண்ணூற்றொரு ஒன்றுகள் வரிசையாக நிற்கும் அந்த எண்ணை 47-ஆல் வகுத்தேன். மீதி வந்தது. சிறிய பகா எண்களாக ஒரு வாரம் முயன்றாயிற்று. அந்த நீள எண்ணும் பகா எண்தான் போலிருக்கிறது என்று ஆசிரியர் அறையில் சொன்னேன்.

போன வருடம் வேலைக்கு வந்த ஸ்டெல்லா நிமிர்ந்தாள். "ஏழு ஏழாப் பிரிங்கக்கா, பதிமூணு கட்டு வரும். 1111111-ஆல வகுபட்டுருமே. அம்புட்டுதான்!"

தலைமையாசிரியை சிரித்தார். "டீச்சர், நீங்க ஒரு வாரமா மாவாட்டுனதை இவ ஒரே மூச்சுல முடிச்சுட்டாளே!"

வயிறு எரிந்தது. வீட்டுக்கு வந்து அடுத்த பகா எண்ணான 53-ஆல் வகுத்தேன். மீதியில்லை.

பள்ளியின் கணித மன்றப் பொறுப்பை யாரிடம் கொடுக்கலாம் என்று தலைமையாசிரியை நாளை என்னைக் கேட்பார். தகுதி ஸ்டெல்லாவுக்குத்தான். நான் என் பெயரைத்தான் சொல்லப்போகிறேன்.