பத்து நாற்பதுக்கு எடுத்த கடல்

கண்ணு,

தெம்பனிஸ்ல நடக்கிற புகைப்படக் கண்காட்சிக்கு நான் எடுத்த படத்தைத் தேர்ந்தெடுத்துட்டாங்கடி. காலையிலேர்ந்து ஒரு இடத்துல உக்கார முடியல, சாம்பார்ல ரெண்டு தடவை உப்பு போட்டுட்டேன்.

சாங்கி கடல்தான். ஆனா அலையும் தெரியாது, கப்பலும் தெரியாது. நீலமும் சாம்பலும் இழுத்துவிட்ட மாதிரி கோடுகள் மட்டும். கேமராவை எப்படி இவ்வளவு அழகா அசைச்சீங்கன்னு எல்லாரும் கேக்குறாங்க. பயிற்சின்னு சொல்லிட்டேன். கை நடுங்கினதைச் சொல்லல.

படத்துக்குக் கீழே, எடுத்த நேரத்தை எழுதணுமாம். உன் கல்யாணத்தன்னைக்குக் காலை பத்து நாற்பது. நீ சர்ச்சுல மோதிரம் மாத்திக்கிட்டிருந்த நேரம், வரமாட்டேன்னு சொன்ன நான் அந்தக் கடற்கரையில நின்னேன்.

சனிக்கிழமை திறக்குறாங்க. மாப்பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வா. அதே பத்து நாற்பதுக்கு உங்களை எடுத்த படத்தையும் கொண்டா. நான் இன்னும் பாக்கல.

அம்மா